ஊசி போடாத டாக்டரம்மா

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் தொப்பூர் கணவாயில் இறக்கம் முடிகிற இடத்தில், ரோட்டை ஒட்டின ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். இரவு பகல் இல்லாமல் லாரிகள் போகும். ஏற்றத்தில் முக்கி முனகிப் போகிற லாரிச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. இறக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டால் மட்டும் நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். என் சுபாவம் அப்படி. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பயப்படுவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. குழந்தை இருமினால் பயம். ரொம்ப நேரம் இருமாமல் தூங்கினால் அதைவிடப் பயம், எழுப்பிப் பார்ப்பேன்.

எங்கள் ஊர் ஆண்கள் பலர் தர்மபுரியில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். விடிகாலையில் ஒரு லாரி வந்து ஹாரன் அடிக்கும். ஏறிப் போவார்கள். பொழுது சாயும்போது அதே லாரியில் இறங்கி வருவார்கள். ஒரு தை மாதம், வேலை முடிந்து வரும்போது அந்த லாரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்துவிட்டது. சத்தம் எங்கள் ஊருக்கே கேட்டது. எல்லோரும் மேலே ஓடினோம். அங்கே பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தவர்களை ஜமக்காளத்தில் கிடத்தித் தூக்கி வந்ததும், இறந்தவர்களை இறக்கி வைத்ததும் எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

அதற்கப்புறம் ஊர் ஊராக இல்லை. தைரியமாக ஓடிப்போய்த் தூக்கினவர்கள்கூடச் சாப்பாட்டில் கை வைத்தால் குமட்டுகிறது என்றார்கள். மலைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று ஒருவர் தன் கட்டிலையே திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளூர ஒரு ஆறுதல் இருந்தது, சொன்னால் சிரிக்காதீர்கள். அதுவரை நான் ஒருத்திதான் பயந்தவள். இப்போது ஊரே எனக்குத் துணை.

மாதா கோயில் சாமியார் அப்போதுதான் ஒரு அம்மாவை அழைத்து வந்தார். மனசைப் பற்றிப் படித்த டாக்டர் என்றார். எங்கள் வயதுதான் இருக்கும். பூகம்பம் வந்த ஊர், வெள்ளம் அடித்துப் போன ஊர், சண்டையில் எரிந்த ஊர் என்று நாடு நாடாகப் போய், அதிர்ந்துபோன மனசை ஆற்றுவது எப்படி என்று அங்கங்கே இருக்கிற ஜனங்களுக்கே பழக்கிக் கொடுத்துவிட்டு வருவதுதான் அவர் வேலை. அந்த நாடுகளின் பெயர்கள் எனக்கு அன்றைக்கும் வாயில் நிற்கவில்லை. ஆனால் நல்ல தமிழ் பேசினார். மெட்ராஸில் வளர்ந்தவராம்.

முதல் நாள் கோயில் ஹாலில் கூட்டம் நிறைந்துவிட்டது. டாக்டர் என்றால் ஊசி போடுவார், டானிக் கொடுப்பார் என்று நினைத்துக் கையில் சீசாவோடு வந்தவர்களும் உண்டு. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சப் பேரை நாற்காலியில் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையைப் பார்த்தோம். அந்த அம்மா கொஞ்சமும் சங்கடப்படவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் இப்படித்தான் ஆகும் என்று சிரித்தார். "நீங்க வழக்கமா எங்க உக்காந்து மனசுவிட்டுப் பேசுவீங்க? அந்த இடத்தைச் சொல்லுங்க, நான் அங்க வரேன்" என்றார்.

பெண்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு புளி தட்டுவோம். வியாபாரிகள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கை வேலையில் இருக்கும், கண் புளியில் இருக்கும், வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மறுநாளிலிருந்து டாக்டரம்மா புங்கமரத்தடியில் எங்களோடு உட்கார்ந்து புளி தட்டினார். முதல் நாளே கட்டை விரலை நசுக்கிக்கொண்டார். ஆண்களை டீக்கடையில் தனியாகப் பார்த்தார்.

அங்கே அவர் சொன்னதில் எனக்கு முதலில் பிடித்தது இதுதான். பெரிய அதிர்ச்சி வந்தால் தூக்கம் போவதும், நெஞ்சு படபடப்பதும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவதும் பைத்தியம் இல்லை, உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்றார். படபடப்பு வந்தால் பாதத்தை மண்ணில் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடச் சொன்னார். எவ்வளவு நீளமாக என்று கேட்டேன். சொல்லிப் பார்த்தார், எனக்குப் பிடிபடவில்லை. ஊதாங்குழலில் அடுப்பை ஊதுகிற மாதிரியா என்றேன். ஆமாம், அதேதான் என்றார். எத்தனையோ வருடமாக அடுப்பு ஊதுகிறேன், எனக்காக ஒருநாளும் ஊதினதில்லை.

இரண்டாவது சொன்னதுதான் கஷ்டம். துக்க வீட்டில் நாம் என்ன சொல்வோம் என்று கேட்டார். "அழாத", "விதி", "மறந்துடு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த மூன்றையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள் என்றார். அப்போது வேறு என்னதான் சொல்வது? "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள், அவர்கள் முடிக்கிறவரை உட்கார்ந்திருங்கள், நடுவில் உங்கள் கதையைச் சொல்லாதீர்கள் என்றார். கதை கேட்கிற குழந்தை மாதிரியா என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து அதைப் பழகினோம். என்னோடு பழகினவள் தன் கோழி காணாமல் போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான் நரியிலிருந்து எதிர்வீட்டுக்காரி வரை சந்தேகப்பட்டு முடித்துவிட்டேன். வாய் முந்தும்போது கையில் ஒரு புளியை எடுங்கள் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு நான் தட்டின புளிதான் அதிகம்.

"நான் போயிடுவேன். நீங்கதான் இங்க இருக்கப் போறீங்க. யார் கத்துக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது என்னை அறியாமல் கை தூக்கினேன். வீட்டில் வந்து சொன்னால், லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற என் கணவர் டயரைவிட்டுக் கையை எடுக்காமலே, "பயப்படறதுல நீ எஸ்.எஸ்.எல்.சி பாஸு. உன்னைவிட்டா இந்த ஊர்ல வேற யாரு இருக்கா" என்றார். கிண்டல்தான். எனக்கென்னவோ சான்றிதழ் கிடைத்த மாதிரி இருந்தது.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடச் சின்னவள். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணும், நடை பழகி ஓட ஆரம்பித்த ஒரு பையனும் அவளுக்கு. கொத்தனார் வேலைக்குப் போன அவள் கணவர் அந்த லாரி கவிழ்ந்ததில் போய்விட்டார். அன்றைக்கு அவள் அழவில்லை. அப்புறமும் அழவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. சமைப்பாள், துவைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள்.

ஒருநாள் அவள் பையன் தத்தித் தத்தி மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தான். இவள் வாசலில் நிற்கிறாள். பார்க்கிறாள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. காலும் நகரவில்லை. டீக்கடைக்காரர் ஓடிவந்து பையனைத் தூக்கினார். அதோடு அவள் மாமியார் முடிவு செய்துவிட்டார். "பெத்த புள்ள ரோட்டுக்குப் போவுது, பாத்துக்கிட்டு நிக்கறா. இவள வூட்ல வெச்சிக்கிட்டு இருந்தா புள்ளைங்களையும் வாரிக் குடுக்கணும்" என்றார். புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய் விடுகிற ஒரு கோயில் இருந்தது. வருகிற அமாவாசைக்கு அங்கே அழைத்துப் போய் விட்டுவிடுவது, பிள்ளைகள் பாட்டியிடம் இருப்பது என்று பேச்சு. விட்டுவிட்டு வந்தால் அப்புறம் யார் போய் அழைத்து வருவார்கள்? அந்த மாதிரி போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வந்தார். அவள் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்தார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாமியாரிடமும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிப் பார்த்தார். பொறுத்தது போதும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னிடம், "நான் வெளியூர்க்காரி. எங்கிட்ட அவங்க சொல்ல மாட்டாங்க. உங்ககிட்ட சொல்லலாம். தினமும் போய் உக்காருங்க, எதையும் கேக்காதீங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாதே, ஐந்தாவதுகூட ஒழுங்காக முடிக்கவில்லையே என்றேன். உட்காரத் தெரியுமில்லையா என்று கேட்டுவிட்டு, கம்பைநல்லூர்ப் பக்கம் இன்னொரு ஊருக்குப் பழக்கிக் கொடுக்கப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். அவளும் புளி தட்டுவாள், நானும் தட்டுவேன். சத்தம் என்றால் கல்லில் கட்டை படுகிற சத்தம்தான். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாமியார் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஏம்மா, உங்க வூட்ல வேலை இல்லியா?" என்று குரல் கொடுப்பார். புளி இருக்குதுங்க பெரியம்மா என்பேன். அமாவாசை நெருங்கிக்கொண்டே இருந்தது. ஊதாங்குழல் மூச்சு விட்டுக்கொண்டே தட்டினேன்.

ஒரு மதியம். அவள் கொழுந்தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அந்தக் கோயிலுக்குப் போவதற்கு வண்டி பேசத்தான் போகிறான். துண்டை வாசல் கட்டிலிலேயே விட்டுவிட்டான். அவள் பார்த்துவிட்டாள். துண்டைக் கையில் எடுத்து எழுந்தாள். வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டாள். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அதே முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன், பையன் ரோட்டுக்குப் போன அன்றைக்கு.

தம்பி துண்டு என்று நானே கத்தியிருப்பேன். தொண்டை வரை வந்துவிட்டது. ஒரு புளியை எடுத்துக் கையில் நசுக்கினேன். என்னம்மா என்று மட்டும் கேட்டேன்.

"பின்னாடி கூப்புடக் கூடாதுக்கா" என்றாள்.

எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் குரலைக் கேட்கிறேன். அப்புறம் என்றேன். அவள் துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். மெதுவாக, புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்கு விடிகாலை லாரி ஹாரன் அடித்ததும் அவள் கணவர் அவசரமாக ஓடியிருக்கிறார். சோற்றுத் தூக்குப்போசி அடுப்படியிலேயே நின்றுவிட்டது. இவள் வாசலுக்கு வந்து பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். கிளம்பினவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தவறிக் கூப்பிட்டுவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே வந்து, போசியை வாங்கிக்கொண்டு, லாரி நிற்காது என்று வாசலோடு திரும்பிவிட்டார்.

"உக்காந்துட்டுப் போங்கன்னு நான் சொல்லலைக்கா. கூப்புட்டதும் நானு, அப்படியே அனுப்புனதும் நானு. இனிமே யாரையும் கூப்புட மாட்டேன்."

அவ்வளவுதான். பையன் ரோட்டுக்குப் போனபோது அவள் வாய் ஏன் எழவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூப்பிட்டால் இவனும் போய்விடுவான் என்று அந்தப் பெண் அரண்டு நின்றிருக்கிறாள். நாங்கள் அதைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

விதி என்று வாய் வரை வந்தது. மறந்துடு என்று சொல்ல வந்தது. இரண்டையும் விழுங்கினேன். அவள் முடித்துவிட்டாளா என்று காத்திருந்தேன். முடித்துவிட்டாள். அதற்கப்புறம் நான் சொன்னது யோசித்துச் சொன்னது இல்லை.

"எங்க வூட்டுக்காரர நான் தினமும் பின்னாடி கூப்புடறேனே. சைக்கிள்ல காத்து இருக்குதா, வெத்தலை பாக்கு எடுத்தீங்களா, லாரிக்கு அடியில படுக்காதீங்கன்னு. தண்ணி குடிக்கறதுக்கு என்னிக்கு நின்னாரு அந்தாளு? சாயங்காலம் ஆனா முழுசா வந்து நிக்கறாரு."

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. நீங்க கூப்புடறது இந்தத் தெருவுக்கே கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. மாசக் கணக்கில் அடைபட்டிருந்த அழுகை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் கையை அறைந்து அழுதாள். தெருவே திரண்டு வந்தது. ஒருத்தி தண்ணீரோடும் இன்னொருத்தி வேப்பிலையோடும் ஓடிவந்தார்கள். "அழாதடி, அழாதடி" என்று அவள் வாயைப் பொத்த வந்தார்கள்.

நான் எழுந்து குறுக்கே நின்றேன். கூட்டத்துக்கு எதிரில் நின்று என் வாழ்க்கையில் நான் பேசினதே கிடையாது. பாதத்தை மண்ணில் அழுத்திக்கொண்டேன். "அழட்டும்ங்க. யாரும் தொடாதீங்க. உக்காரறதுன்னா உக்காருங்க, இல்லாட்டிப் போங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவர்கள் புங்கமரத்தடியில் என்னோடு பழகினவர்கள்.

அப்போதுதான் மாமியார் வாசற்படிக்கு வந்தார். கதவுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் மகனை முழுங்கினவள் நீதானா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்றோடு முடிந்தாள். அவர் மெல்ல வந்து மருமகள் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நீ கூப்புட்டது எனக்கும் கேட்டுது. தண்ணி குடிச்சிட்டுப் போடா சாமின்னு சொல்ல நானும் வாயெடுத்தேன். குளுருக்குப் போத்திக்கிட்டுக் கெடந்தேன், எந்திரிக்கல. அத வெளிய சொல்ல முடியாமத்தான் உன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு ஆவல."

அப்புறம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா தானாகவே மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயதில் அவன் பண்ணின சேட்டை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது வெட்கப்பட்டு வெளியே நின்றது எல்லாம் வந்தது. நடுவில் மருமகள், அது அப்படி இல்லைங்க அத்தை என்று திருத்தினாள். இரண்டு பேரும் அழுதார்கள். வண்டி பேசிவிட்டுத் திரும்பி வந்த சின்ன மகனைப் பார்த்து, வண்டி வேண்டாம்னு சொல்லிட்டு வா என்றார் மாமியார். அவன் திகைத்துப்போய், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் கெட்ட சொப்பனம் கண்டு அலறின ராத்திரிகள் உண்டு. லாரி ஹாரன் கேட்டால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிடுவாள். ஆனால் அவள் எங்கேயும் போகவில்லை. பிள்ளைகள் அவளோடுதான் இருந்தார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது நடந்ததெல்லாம் சொன்னேன். என் கதையைச் சொல்லக் கூடாது என்றீர்கள், சொல்லிவிட்டேன் என்று திருடி மாதிரி நின்றேன். அவர் ஒன்றுதான் கேட்டார், நடுவில் சொன்னீர்களா, முடித்தபிறகா என்று. முடித்தபிறகு என்றேன். "அப்ப சரி. ஆனா இந்த மருந்து அவங்களுக்கு மட்டும்தான். அடுத்த வீட்டுக்கு இதையே தூக்கிட்டுப் போயிடாதீங்க" என்று சிரித்தார். கொஞ்ச நாளில் அவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அவர் போனதும் எல்லாம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். நிற்கவில்லை. புளி முடிந்து கடலை உரிக்கிற காலம் வந்தது, உட்காருகிற பழக்கம் அப்படியே இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் கிணற்றுக்கு வெடி வைக்கும்போது விபத்து ஆகி, சாமியார் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே போனேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அங்கே போனதும் பெண்கள் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்று முதலில் விசாரித்தது அவள்தான். என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். அந்த ஊர்ப் பெண்களுக்கு அவளே பழக்கிக் கொடுத்தாள். அவர்களில் இரண்டு பேர் பின்னால் இன்னொரு ஊருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கேயோ தூர தேசத்தில் ஆரம்பித்த ஒன்று எங்கள் புளிக்கூடை வழியாக இன்னொரு ஊருக்குப் போகிறது என்று நினைத்தால் பெருமையாக இருந்தது, இருக்கிறது.

நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒருவர் மனசுக்குள் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அடுப்பில் என்ன தீய்ந்தாலும் சரி, அவர் முடிக்கிறவரை நான் இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயமே இருப்பதில்லை.